திரையில் நீலமலை: காணப்பட்டோரும் காணப்படாதோரும்

'ஹிகாயத்' என்னும் அரபுச் சொல்லுக்கு இன்று நாம் 'கதை' என்றே பொருள் கூறுகிறோம். அதன் பழம்பொருள் வேறு. ஒருவரைப் போல் பேசிக் காட்டுதல், நடந்து காட்டுதல், அவரை அவையோர் கண்முன் நிறுத்துதல் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். ஹிஜ்ரி 255-இல் மறைந்த பஸராப் பேரறிஞர் ஜாஹிழ், 'அல்பயான் வத்தப்யீன்' என்னும் தம் நூலில் இத்தகைய போலிக்கலைஞரைப் பற்றி வியந்து எழுதுகிறார். ஏமன் நாட்டார், குராசானியர், அஹ்வாஸியர், சிந்தியர், ஆப்பிரிக்கர் ஆகியோர் பேச்சையெல்லாம் அக்கலைஞன் ஒருவனே எடுத்துக்காட்டுவானாம். கேட்போர் சிரிப்பார்கள். ஆனால் அச்சிரிப்புக்கு இடையே பஸரா நகரத் தெருவில் எத்தனை வகை மாந்தர் நடமாடினர் என்பதும் பதிவாகிவிடுகிறது.

நகைச்சுவைக்கு இப்படியொரு வரலாற்றுப் பயன் உண்டு என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும். மதரஸாவில் கிதாபு ஓதிக்கொடுக்கும் நமக்குத் திரைப்படத்தில் என்ன வேலை என்று கேட்போர்க்கும் இதுவே மறுமொழி. ஒரு காலத்தின் சிரிப்பில் யார் யார் இடம் பெற்றனர், யார் விடுபட்டனர் என்பதை ஆராய்வதும் வரலாற்றுக் கல்வியே.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியவன் ஒரு சிறுவன். 1990-களில் குன்னூரில் ஒரு மதரஸாவில் நாம் பணியாற்றி வந்தோம். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து மாலைதோறும் ஓத வருவான் அவன். தாயார் கொழுந்து பறிப்பவர். ஒரு திங்கட்கிழமை, முந்திய நாள் தொலைக்காட்சியில் தான் பார்த்த பழைய நகைச்சுவைப் படத்தைப் பற்றி வாய் ஓயாமல் கூறினான். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாயிற்று என்றான். பிறகு சற்று நின்று, "ஹஜ்ரத், அது எஸ்டேட் படந்தான். ஆனா அதுல எங்க லைன் எங்கேயும் வரவே இல்லையே, ஏன்?" என்று கேட்டான். அன்று நாம் ஏதோ சொல்லி அவனைப் பாடத்துக்குத் திருப்பினோம். அவ்வினாவை நம் மனத்திலிருந்து அப்புறப்படுத்த இயலவில்லை.

பண்டைய மேடையில் மலைமக்கள்

நீலமலை தமிழிலக்கியத்தில் இடம்பெறும் முதற்காட்சியே ஒரு கலை அரங்கம் என்பது வியப்புக்குரியது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில், வடதிசை நோக்கிப் புறப்பட்ட சேரன் செங்குட்டுவன் நீலகிரியில் பாடிவீடு அமைத்துத் தங்குகிறான். அவ்விடத்தே கொங்கணக் கூத்தரும் கருநாட்டவரும் குடகரும் அவன் முன் வருகின்றனர். அவரவர் மரபுக்குரிய அணியோடும் இசையோடும் ஆடியும் பாடியும் காட்டி மன்னனிடம் பரிசில் பெறுகின்றனர். வேற்று மொழியினர் தத்தம் கோலத்திலேயே மேடையேறினர் என்பதை இளங்கோவடிகள் மறவாமல் பதிந்துள்ளார்.

பின்னாளைய சிற்றிலக்கியங்களை நோக்குவோம். குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி வருகிறாள். தன் மலையின் வளத்தைத் தானே எடுத்துரைக்கிறாள். அவளுக்குப் பதிலாக வேறெவரும் பேசுவதில்லை. நகையும் அவள் வாயிலாகவே பிறக்கிறது; அவளும் அவள் கணவன் சிங்கனும் உரையாடும் பகுதியைக் கேட்டுச் சிரியாதார் இல்லை. முக்கூடற் பள்ளு வயலில் உழைப்போர்க்கு அரங்கை விட்டுக்கொடுத்தது. சீதக்காதி வள்ளலின் பெயரால் அமைந்த நொண்டி நாடகத்திலோ காலிழந்த கள்ளன் ஒருவன் தன் கதையைத் தானே பாடுகிறான். அரபு உலகிலும் இத்தகு வழக்கு இருந்தது. மோசுல் நகரில் பிறந்து கெய்ரோவில் கண் மருத்துவராக வாழ்ந்து 1310-இல் மறைந்த இப்னு தானியால் இயற்றிய நிழற்கூத்து ஒன்றில், கெய்ரோ அங்காடியின் பாம்பாட்டியும் சோதிடரும் வித்தைக்காரரும் வரிசையாகத் தோன்றித் தம் தொழிலைத் தாமே விளம்புகின்றனர்.

இவை குறையற்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. எளியோரை எள்ளும் பகுதிகள் அவற்றில் உள்ளன. ஆயினும் மலையைக் காட்டுவதாயின் மலைவாணரையும், வயலைக் காட்டுவதாயின் உழவரையும் காட்ட வேண்டும் என்னும் நினைவேனும் அப்புலவர்க்கு இருந்தது. திரைப்படக் கலை தோன்றியபின் அந்நினைவு என்னாயிற்று?

சின்னமலை எஸ்டேட்

1964 பிப்ரவரி 27 அன்று ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வெளிவந்தது. ஈஸ்ட்மென் வண்ணத்தில் எடுக்கப்பட்ட முன்னோடித் தமிழ்ச் சமூகப் படங்களுள் ஒன்று அது. கதை வசனத்தில் சித்ராலயா கோபுவின் கைவண்ணமும் உண்டு. ஆனைமலைச் சாரலில் ஆழியாறு அணையை ஒட்டிய மாளிகையில் பெரும்பகுதி படமாக்கப்பட்டது. சின்னமலை எஸ்டேட் அதிபர் விஸ்வநாதனாக டி. எஸ். பாலையாவும், அவர் மகன் செல்லப்பாவாக நாகேஷும் நடித்தனர். தந்தைக்கு மகன் திகில் கதை சொல்லும் காட்சியை இன்றும் மூன்று தலைமுறையினர் ஓரிடத்தில் அமர்ந்து பார்த்துச் சிரிக்கின்றனர்.

அப்படத்தின் நற்பண்புகளை மறைப்பது நீதியாகாது. குடும்பத்தோடு காணக்கூடாத சொல் அதில் ஒன்றுமில்லை. கொடியவன் என்று ஒருவன் இல்லை. பணத்தைக் கண்டு மயங்கும் பெரிய மனிதரே நகைக்கு ஆளாகிறார். ஏழை இளைஞன் அவரை ஏமாற்றி வெல்கிறான். வலியவரைப் பார்த்து எளியவர் சிரிப்பதற்கு அது இடந்தந்தது. எந்தச் சமுதாயத்தையும் அது இழித்துரைக்கவில்லை.

எனினும் அச்சிறுவன் கேட்டது கேட்டதுதான். அதிபர், அவர் பெண்மக்கள், மகன், மேலாளர், எழுத்தர், எழுத்தரின் நண்பர், நண்பரின் தந்தை என மாந்தர் பலர் வருகின்றனர். தோட்டத்தில் பாடுபடும் குடும்பம் ஒன்றேனும் கதைமாந்தராக வருவதில்லை. வேலைநீக்கம் பெற்ற எழுத்தர் அசோக், அதிபரின் மாளிகை முன் கூடாரம் அடித்துப் போராடுகிறான். அப்போராட்டம் பாட்டும் ஆட்டமுமாக முடிகிறது. தோட்டத் தொழிலாளர்க்கு வீடும் மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் தர வேண்டுமெனத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்திருந்தது. அவற்றைப் பெறுவதற்கு மலைத் தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் மெய்யாகவே போராடிய காலம் அது. திரையில் எஞ்சியது கூடாரமும் வேடிக்கையுமே.

அதே 1964-ஆம் ஆண்டில் நடந்த மற்றொன்றையும் இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நாடற்றவராய் நின்ற 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் 1974-இல் உடன்பாடு ஏற்பட்டது. தலைமுறை தலைமுறையாக எஸ்டேட்டில் உழைத்த மக்களைக் கணக்குப் பிரித்த ஆண்டும், எஸ்டேட்டைப் பார்த்துத் தமிழகம் குலுங்கிச் சிரித்த ஆண்டும் ஒன்றே! படம் எடுத்தோர் இதனை அறிந்திருக்க வழியில்லை. படம் முன்னும் ஒப்பந்தம் பின்னும் வந்தன. ஆனால் பார்த்த நமக்கும் அவ்விரண்டையும் இணைத்து நோக்கத் தோன்றவில்லையே!

திரைக்குப் பின்னால்

இங்கு ஒரு விந்தையைச் சொல்லியாக வேண்டும். இப்படத்தை ஆக்கியோர் யாவர்? நாகேஷின் தாய்மொழி கன்னடம். காஞ்சனாவின் வீட்டு மொழி தெலுங்கு. அசோக்காக அறிமுகமான ரவிச்சந்திரன் மலாயாவில் பிறந்து திருச்சிக்குப் படிக்க வந்தவர். இசையமைத்த இருவருள் எம். எஸ். விஸ்வநாதன் பாலக்காட்டு மலையாளி. பாடியோருள் பி. பி. ஸ்ரீநிவாஸ் ஆந்திரத்தவர், கே. ஜே. யேசுதாஸும் எல். ஆர். ஈஸ்வரியும் கிறித்தவக் குடும்பத்தினர். இப்படத்தை 1966-இல் ஸ்ரீதரே 'பியார் கியே ஜா' என இந்தியில் எடுத்தபோது நாகேஷின் வேடத்தை ஏற்றவர் மெஹ்மூத். அதற்காகச் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் பரிசையும் அவர் பெற்றார்.

இவ்வாறு பல மொழியினரும் பல சமயத்தினரும் கூடி ஆக்கிய படத்தில், கதைமாந்தர் பெயர்களையெல்லாம் வரிசைப்படுத்திப் பாருங்கள்: விஸ்வநாதன், செல்லப்பா, அசோக், வாசு, காஞ்சனா, நிர்மலா, மீனலோசனி. ஒரு காதரோ ஒரு மேரியோ இல்லை. பன்மை திரைக்குப் பின்னால் உழைத்தது, திரையில் முகங்காட்டவில்லை.

ஊட்டியின் மெய்முகம்

ஸ்ரீதரின் நகைச்சுவை மூன்றாண்டுகளில் நீலமலைக்கே ஏறியது. 1967 நவம்பர் 1, தீபாவளி நாளில், கோவை செழியன் தயாரிப்பில் 'ஊட்டி வரை உறவு' வெளிவந்தது. சிவாஜி கணேசன், கே. ஆர். விஜயா, முத்துராமன், பாலையா, நாகேஷ் ஆகியோர் நடித்த குடும்ப நகைச்சுவைப் படம் அது. பெயரிலேயே ஊட்டி இருந்தது. ஆயின் கதையின் உறவுகள் யாவும் சமவெளிக் குடும்பத்து உறவுகள். பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஏற்ற குளிர்ந்த இடமாகவே மலை அமைந்தது.

அம்மலையில் அன்று வாழ்ந்தோர் யார்? 'உதகமண்டலம்' என்னும் பெயரிலேயே தோடர் குடியிருப்பைக் குறிக்கும் 'மந்து' என்னும் சொல் ஒளிந்திருக்கிறது. கி.பி. 1117-ஆம் ஆண்டின் ஹொய்சளக் கல்வெட்டொன்று தோடரைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. எருமை வளர்த்த தோடர், மண்கலமும் இரும்புக் கருவியும் செய்து இசையும் வாசித்த கோத்தர், நிலம் உழுத படகர், காட்டை நம்பிய குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எனப் பல மக்கள் பண்டமும் பணியும் மாற்றிக்கொண்டு வாழ்ந்து வந்தனர். கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். 1822-இல் தோடர் நிலத்தில் கல் பங்களா எழுந்தது. பின்பு காப்பியும் தேயிலையும் சின்கோனாவும் வந்தன. நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்டத்துக்குச் சீனக் கைதிகளைக்கூட வேலைக்கு வைத்தனர். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்க்கும், 1908-இல் உதகைக்கும் மலை இரயில் ஓடிற்று. 1960-இல் நடுவணரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, 'ஊட்டி வரை உறவு' வந்த அதே 1967-இல் உதகையில் உற்பத்தியைத் தொடங்கிற்று. 'இந்து' என்னும் பெயரோடு கறுப்பு வெள்ளைப் படச்சுருள்கள் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. காலமாற்றத்தால் அவ்வாலை பின்னாளில் மூடப்பட்டது. படத்துக்குரிய சுருளைச் செய்து தந்த மலை, தன் மக்களின் முகத்தைச் சுருளில் காணவில்லை.

அடுத்த ஆண்டு, 1968-இல், தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழர்க்கு வேலை தரத் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் புதிய லைன் வீடுகள் எழுந்தன. கடல் கடந்து உழைத்துக் கடல் கடந்து திரும்பிய அம்மக்களிடம் சிரிப்பே இல்லை என்று எவரும் எண்ண வேண்டா. கங்காணியைப் போலவும் துரையைப் போலவும் பேசிக்காட்டி அவர்கள் நகைப்பதை நாம் குன்னூரில் நேரிற் கேட்டிருக்கிறோம். ஜாஹிழ் வியந்த அதே கலைதான் அது!

"நகைச்சுவைப் படம் என்ன மக்கள்தொகைக் கணக்கா? எல்லோரையும் சேர்த்துக்கொள்ள இயலுமா?" என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. ஒரு படத்தில் எவரும் விடுபடலாம், அதனால் கேடில்லை. படத்துக்குப் படம், ஆண்டுக்கு ஆண்டு அதே மக்கள் விடுபட்டால், காண்போர் கண்ணுக்கு மலை ஆளற்ற இடமாகிவிடுகிறது. இதற்கு ஒரு சான்று தருவோம். உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் ஆறாம் மைல், ஒன்பதாம் மைல் அருகே விரிந்த புல்வெளிகள் உள்ளன. தோடர் தம் எருமைகளை மேய்த்த புலங்கள் அவை. இப்போது சுற்றுலாவுக்குச் செல்வோர் அவற்றை எவ்வாறு அழைக்கின்றனர்? 'ஷூட்டிங் மட்டம்' என்று! காதலரும் பாடகரும் சில நாள் ஆடிச் சென்றதே அந்நிலத்தின் பெயராயிற்று. நூற்றாண்டுகளாக வாழ்ந்தோர் வைத்த பெயர் வந்து போவோர் செவிக்கு எட்டவில்லை. புல்வெளியைப் பயனற்ற தரிசெனக் கருதி அயல்நாட்டுச் சீகையையும் யூகலிப்டசையும் நட்ட அரசாங்கப் பார்வைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஆளில்லை என்று எண்ணிய இடத்தில் எதையும் செய்யத் துணிவு பிறக்கிறது.

நம் குறையும் நம் கடமையும்

இனி நம் சமுதாயத்தைப் பற்றி. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நீலகிரி மாவட்ட மக்கள் 7,35,394 பேர். அவருள் முஸ்லிம்கள் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதி. தமிழகம் முழுமைக்குமான விகிதத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. கூடலூர், பந்தலூரில் மலையாளம் பேசும் மாப்பிள்ளைமாரும், உதகை, குன்னூரில் தமிழ் பேசும் ராவுத்தர்மாரும், உருது பேசுவோரும் உள்ளனர். ஊட்டியைக் காட்டிய நகைச்சுவைப் படங்கள் பலவற்றில் இவர்களைத் தேடினும் காண்பதரிது.

1961-இல் வந்த பீம்சிங்கின் 'பாவ மன்னிப்பு' போன்ற படங்களில் முஸ்லிம் பெரியவர் கண்ணியமாகக் காட்டப்பட்டார். அப்படத்தின் பெருநாட் பாடலில் டி. எம். சௌந்தரராஜனோடு நாகூர் இ. எம். ஹனிபாவின் குரலும் ஒலித்தது. அவை உருக்கமான படங்கள். நகைச்சுவைக்கு வந்தாலோ நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் 'நம்பள், நிம்பள்' என்னும் கொச்சைப் பேச்சே. உமறுப் புலவரையும் குணங்குடி மஸ்தான் சாகிபையும் தமிழுக்குத் தந்த சமுதாயத்தாரின் வாயில் தமிழ் ஏன் உடைய வேண்டும்? நம் வீட்டுப் பிள்ளைகள் அக்காட்சிகளைக் கண்டு சிரித்தபின் சற்றே தலைகுனிவதை நாம் கண்டிருக்கிறோம்.

ஆனால் நீதி கேட்போர் நிறுவையைச் சரியாகப் பிடிக்க வேண்டும். நம்மைத் திரையில் காணோம் என்று நாம் வருந்தினோம். லைன் வீட்டைக் காணோம் என்று அச்சிறுவன் சொல்லும்வரை நாம் வருந்தினோமா? அப்படத்தை நாமும்தான் பார்த்தோம். கூடாரப் போராட்டத்துக்கு நாமும்தான் சிரித்தோம். தோடரும் பணியரும் இல்லாமை நம் கண்ணை உறுத்தவில்லை. திரையை ஆக்கியோர் மறந்தனர் என்றால், பார்த்த நாமும் தேடவில்லை. அச்சிறுவனுக்கு அன்றே இதனை ஒப்புக்கொண்டு விடை சொல்லியிருக்க வேண்டும். நாம் பாடப் புத்தகத்தைத் திருப்பினோம்.

அரபியில் 'தஆருஃப்' என்றொரு சொல் உண்டு. ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதல் என்பது அதன் பொருள். ஒருவர் அறிய மற்றவர் அறியப்படுதல் மட்டும் தஆருஃப் ஆகாது. இருபுறமும் அறிதல் நிகழ வேண்டும் என்பதை அச்சொல்லின் இலக்கண அமைப்பே காட்டுகிறது. ஸர்ஃப் பாடம் ஓதும் மாணவர் இதனை நன்கறிவர். மாந்தர் பல குலத்தவராய் இருப்பதன் நோக்கமாக நம் மார்க்கம் கூறுவதும் இதனையே.

காலம் ஒருவாறு மாறி வருகிறது. 1979-இல் படகர் மொழியிலேயே 'கால தப்பித பயிலு' என்னும் படம் வெளிவந்தது. முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமில் பணியாற்றிய காட்டுநாயக்கர் இணையர் பொம்மனையும் பெள்ளியையும் பற்றி, உதகையில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வெஸ் 2022-இல் எடுத்த ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. அதில் மலைமக்கள் தம் மலையைத் தாமே பேசினர். யானைக்குட்டியோடு விளையாடித் தாமே சிரிக்கவும் செய்தனர். குற்றாலக் குறத்தி நீலமலைக்கு வந்து சேர இத்தனைக் காலமாயிற்று.

பழைய படங்களை வீட்டில் போட்டுப் பார்ப்பதை நிறுத்துமாறு நாம் கூறவில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். நாகேஷ் கதை சொல்லும்போது நன்றாகச் சிரியுங்கள். படம் முடிந்தபின் அவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இந்த எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள் எந்தப் பக்கம் குடியிருந்திருப்பார்கள்?" அவர்கள் தேடத் தொடங்குவார்கள். குன்னூர்ச் சிறுவனுக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதி அதனால் தீரும்.